ஆறாவது ஆள் யார்?

கேள்வி: 1942இல் பர்மாவிலிருந்து நம்மவர்கள் நடந்து வந்ததை வைத்து நாவல் எழுதுகிறேன். அப்பா, அம்மாவைப் பறிகொடுத்த 8 வயதுச் சிறுமியை, வழியில் சந்தித்த ஒரு கிழவர் ஊர் கொண்டுவந்து சேர்க்கிறார். எங்கள் அப்பாயி அப்படி வந்தவர்தான். ஆனால் அந்த இருவரின் நட்பு மனதில் ஒட்டவில்லை என்கிறார்கள் படித்த தோழிகள். கிழவரை இளைஞனாக மாற்றிவிடலாமா? அப்பாயிக்கு இப்போது 91 வயது. பழைய கதையைக் கேட்டால் வாயே திறப்பதில்லை. நினைவும் தடுமாறுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் எங்களை விரல்விட்டு எண்ணுவார். அவரையும் சேர்த்து 5 பேர்தான், அவர் 6 என்பார். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.
- ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: கிழவர் கிடக்கட்டும் அம்மா. அந்த ஆறாவது ஆள் யார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரர்களின் குண்டு விழுந்தது. காசு உள்ளவர்கள் கப்பலும் விமானமும் ஏறினார்கள். மற்றவர்கள் கலேவா, தமு, இம்பால், திமாப்பூர் என்று காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். காலரா ஒரு பக்கம், மே மாதம் பிடித்த மழை ஒரு பக்கம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதையை வரைந்துகூட அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பாதையில் ராத்திரி படுக்கும்போது எத்தனை பேர், விடிந்து எழுந்தபோது எத்தனை பேர் என்று எண்ணாத குடும்பம் இருந்திருக்குமா? அதில் நடந்த பிள்ளை இன்றைக்கும் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணுகிறது. நீங்கள் கணக்கு தப்பு என்கிறீர்கள்!

எனக்குக் கோபம்தான் வருகிறது. வயதானவர் வாய் திறக்கும்போதெல்லாம் திருத்துகிற வீட்டில் அவர் எப்படிப் பேசுவார்? "எதுவும் சொல்வதில்லை" என்று குறைப்படுகிறீர்கள். தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்?

சரி, நாவலுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் கிழவர் சுமக்கிறார், ஊட்டுகிறார், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். சிறுமி நன்றியோடு பார்த்துக்கொண்டே வருகிறாள். அவளால் அவருக்கு ஒரு உபகாரமும் இல்லை. கண் மங்கிய மனிதருக்கு இருட்டில் வழி சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா? சரிவில் இறங்கித் தண்ணீர் மொண்டு வர? "தாத்தா, எழுந்திரு" என்று காலையில் உலுக்க? அவளுக்கு அவர் எவ்வளவு வேண்டுமோ, அவருக்கும் அவள் அவ்வளவு வேண்டும். இளைஞனாக்கினால் அதுவும் போய்விடும். கிழவர் கிழவராகவே இருக்கட்டும்.

அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மாத்திரை கொடுக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், குழைய வடித்துப் போடுகிறேன் என்று இன்னொரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். பேத்தி செய்ய வேண்டியதுதான், செய்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அப்பாயியிடம் நீங்கள் வாங்கிக்கொண்டது என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு பாட்டு, ஒரு பர்மியச் சொல், ஒரு வசவு? பெரியவர்களைப் பராமரித்தால் போதும் என்று நினைப்பது நம் வீடுகளில் பெருகிவிட்டது. அவர்களால் நமக்கு ஆகவேண்டியது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதையும் நான் கடமை என்றுதான் சொல்வேன்.

ஒரு வாரம் நாவலை மூடி வையுங்கள். நாளை ராத்திரி 6 தட்டு போடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். பதிவு செய்ய வேண்டாம். அப்பாயி எண்ணி முடிக்கிற வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. அப்புறம் அந்தக் காலித் தட்டைக் காட்டி, "இவருக்கு என்ன போடட்டும் அப்பாயி?" என்று கேளுங்கள்.