எல்லாக் கலத்திலும் ஒரே டிஎன்ஏ என்றால், ஈரலும் கண்ணும் ஏன் வேறு? இந்த வேறுபாட்டை உண்டாக்கும் ஏற்பாடு பிசகினால் நோய் வருமா?

ஹட்டனில் உயர்தரம் படிப்பதாகச் சொல்கிறீர்கள், அப்படியானால் தேயிலைத் தோட்டத்தில் காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்களம் தெரிந்திருக்கும். செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் எல்லார் பெயரும் இருக்கும். இன்று எந்த மலைக்கு யார் என்று பிரிப்பது மேற்பார்வை பார்க்கும் கங்காணி. கலத்தில் அந்த வேலை டிஎன்ஏயில் ஒட்டும் சில புரதங்களுடையது. எந்த மரபணுவை எவ்வளவு ஆர்என்ஏ என்ற நகலாகப் படியெடுப்பது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன; அதனால்தான் ஈரலும் கண்ணும் வேறு. (அதட்டல் மட்டும் இல்லை.)

பிசகினால் நோய் வரும். பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை உள்ள சிலருக்கு, ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்தின் செய்முறை மரபணுவில் சரியாகவே இருக்கும். அதற்கு முன்னாலுள்ள தொடக்கப் பகுதியில் ஓர் எழுத்து மாறியதால் படியெடுப்பு குறைந்து, ஈமோகுளோபின் போதாமல் போகும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: கருவில் ஓடும் காமா குளோபின் (கருக்கால ஈமோகுளோபினின் ஒரு பகுதி) மரபணுவைப் பிறந்தபின் அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற புரதம். அதன் உற்பத்தியை இரத்தக் கலங்களில் குறைத்து, கருக்கால ஈமோகுளோபினைத் திரும்ப ஓடவிடும் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டன் அனுமதி கொடுத்தது.