ரௌட்டருக்குத் துணை பேட்டரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் பிற்பகலில்தான் திரும்ப வருகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் மகளின் மடிக்கணினி அதன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தாலும், ரௌட்டர் அணைந்துவிடுவதால் அன்றைய வேலை கெட்டுப்போகிறது. இன்வெர்ட்டர் வாங்கும் எண்ணம் இல்லை. மின்வேலை எனக்கு ஓரளவு தெரியும். 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கி ரௌட்டருடன் நேரடியாக இணைத்துவிடலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இது நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் நேரடியாக இணைக்க வேண்டாம்.

செலவு செய்வதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். அடுத்த மின்தடையின்போது யாரிடமாவது கணினி யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி ரௌட்டரை அதில் ஓடவிட்டு, இணையம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று கவனியுங்கள். உங்கள் வீடு வரை கண்ணாடி இழை வந்திருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். ஏனெனில் இணையச் சேவை நிறுவனத்தின் இணைப்பகத்திலிருந்து புறப்படும் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டிகளுக்கு மின்சாரமே தேவையில்லை, இணைப்பகத்திலோ பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். மாறாக, கேபிள்காரர் தெருவில் இணையத்தைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், மின்சாரத்தில் ஓடும் ஸ்விட்ச் பெட்டி ஒன்றை வைத்து அங்கிருந்து செம்புக் கம்பியில் இணைப்புத் தந்திருந்தால், அந்தப் பெட்டி அணைந்ததும் உங்கள் பேட்டரியால் எந்தப் பயனும் இருக்காது. கண்ணாடி இழைக் கருவியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள்.

சோதனை வெற்றி பெற்றால், அடுத்தது அளவு. அடாப்டரில் எழுதியிருக்கும் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்பது அதனால் தர முடிந்த உச்ச அளவே தவிர, ரௌட்டர் எடுத்துக்கொள்ளும் அளவு அன்று. மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து அளந்து பாருங்கள். 0.7 ஆம்பியர் என்று காட்டுவதாக வைத்துக்கொண்டால் 8.4 வாட், 5 மணி நேரத்திற்கு 42 வாட்-மணி, இடையில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 50. அடைக்கப்பட்ட 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி கணக்குப்படி 84 வாட்-மணி கொண்டது. மாதம் ஓரிரு முறை மட்டுமே பயன்படுவதால் அதுவே உங்களுக்குப் போதும். மின்சாரம் அன்றாடம் போய்வரும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும், ஆழமாக இறங்கி ஏறுவதைப் பல ஆண்டுகள் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியையும் அதற்கேற்ற சார்ஜரையும் பரிந்துரைப்பேன்.

நேரடி இணைப்பை நான் மறுப்பதற்குக் காரணம், 12 வோல்ட் என்று பெயர் பெற்ற பேட்டரி 12 வோல்ட்டிலேயே நிற்பதில்லை என்பதுதான். சார்ஜ் ஏறும்போது 13.8 வரை உயர்கிறது, தீரும் தறுவாயில் 11-க்கும் கீழே இறங்குகிறது. பல ரௌட்டர்கள் இதைப் பொறுத்துக்கொள்கின்றன. உங்களுடையதும் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. எனவே, உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் வெளியே 12 வோல்ட்டையே தரும் பக்-பூஸ்ட் மாட்யூல் ஒன்றை நடுவில் வையுங்கள். ரௌட்டரைச் செருகுவதற்கு முன்பே அதன் வெளியீட்டை மல்டிமீட்டரால் அளந்து 12-இல் நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு படியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

அமைப்பு எளிது: 13.6 முதல் 13.8 வோல்ட் வரை தரும், 2 ஆம்பியருக்கு மேல் விடாத சார்ஜரைப் பேட்டரியுடன் நிரந்தரமாக இணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மாட்யூலுக்கும் அங்கிருந்து ரௌட்டருக்கும் கம்பியைக் கொண்டுசெல்லுங்கள். மின்சாரம் இருக்கும்போது சார்ஜரே இரண்டையும் தாங்கும், போனால் பேட்டரி தாங்கும். இடையில் மாற்றிவிடும் ரிலே எதுவும் இல்லாததால் ரௌட்டர் ஒரு நொடிகூட அணையாது. 3 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே வையுங்கள். இவ்வளவு சிறிய பேட்டரிகூடக் குறுக்குச் சுற்றில் (ஷார்ட் சர்க்யூட்) கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வீட்டுக்குத் தீ வைக்கும் அளவு மின்னோட்டம் தரும் என்பதை மறக்க வேண்டாம். பேட்டரி முற்றிலும் வடிந்துவிடாமல் 11 வோல்ட்டிலேயே துண்டிக்கும் சிறு சாதனத்தையும் சேர்த்தால் அதன் ஆயுள் நீளும். வெப்பமும் ஆயுளைக் குறைக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே காற்றோட்டமில்லாத பெட்டியிலோ வெயில் படும் சுவரிலோ வைக்காதீர்கள். ரௌட்டரில் செருகும் முள்ளின் வெளிவிட்டம் பொதுவாக 5.5 மி.மீ. இருக்கும், உள்விட்டம் 2.1, 2.5 என இரு வகையாக வருவதால், பழைய அடாப்டரின் முள்ளையும் அதில் நேர்முனை நடுவில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் மின்சாரம் போகும்போது ரௌட்டர் ஒருமுறை அணைந்து மீண்டும் இயங்குகிறது. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இன்வெர்ட்டருக்கு மின்சாரம் மாறும் இடைவெளியை ரௌட்டரின் அடாப்டர் தாங்கவில்லை. இன்வெர்ட்டரின் பின்புறத்தில் நார்மல், யுபிஎஸ் என்று இரு நிலைகள் கொண்ட ஸ்விட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். பெரும்பாலும் இதற்கு மேல் செய்ய வேண்டியிருக்காது.

கேள்வி: பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து, அதிலுள்ள லித்தியம் செல்களால் இதே அமைப்பைச் செய்யலாமா?
– மாணவர், காரைக்குடி

பதில்: உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று செல்களைத் தொடரில் இணைத்தால் 12.6 வோல்ட்டில் தொடங்கி 9 வரை இறங்கும் தொகுப்பு கிடைக்கும், அதைப் பாதுகாக்கும் மின்சுற்றுப் பலகையும் கடையில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பழைய செல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருக்கும். நலிந்த செல்லின் உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்பட்டால், வெளியே இருக்கும் பலகையால் அதைத் தடுக்க முடியாது. ரௌட்டருக்கான பேட்டரியோ வீட்டார் உறங்கும் நேரத்திலும் சார்ஜில் இருப்பது. புதிய செல்களைக் கொண்டு, பாதுகாப்புப் பலகையுடன் தயாராக விற்கப்படும் தொகுப்பையே வாங்குங்கள். கைவசம் உள்ள பழைய செல்களின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.