மருமகள் கொரியப் பெண்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து 27 ஆண்டுகள் ஆகின்றன. என் மகன் ஒரு கொரியப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படியே போனால் மூன்று தலைமுறையில் நம் அடையாளம் தண்ணீரில் போட்ட உப்பாகிவிடாதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வாழ்த்துகள்.

2015இல் அமெரிக்காவில் புதிதாக மணம் முடித்த ஆசியர்களில் 29 சதவீதம் பேர் வேற்றினத்தாரை மணந்தார்கள் என்று பியூ ஆய்வு மையம் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், உங்கள் வீட்டுக் கல்யாணம் அந்தக் கணக்கில் வராது. அங்கே தமிழரும் கொரியரும் ஒரே 'ஆசியர்'.

அதே கணக்கில், குடியேறி வந்தவர்களிடம் 24 சதவீதம். அங்கேயே பிறந்தவர்களிடம் 46. ஜப்பானிய வம்சாவளியினர் வெளியே அதிகம் மணப்பதற்கு ஒரு காரணம், ஜப்பானிலிருந்து புதிதாக வருபவர்கள் குறைந்துபோனது. இந்தியர்களுக்கோ விமானம் விமானமாக ஆள் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் வெளியே மணப்பவர் குறைவு. அதை நம் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொள்கிறோம்.

உப்பு என்றீர்கள். நூறு வருடங்களுக்கு முன் கலிஃபோர்னியாவில் விவசாயக் கூலிகளாக இருந்த பஞ்சாபி ஆண்களை நினைத்துப் பாருங்கள். ஆசியர்கள் குடியேறுவதைத் தடுத்த 1917 சட்டத்துக்குப் பிறகு ஊரிலிருந்து பெண்டாட்டியை அழைத்துவர வழியில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்ட மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது (1948இல்தான் அது செல்லாது என்று தீர்ப்பானது). இம்பீரியல் பள்ளத்தாக்கில் பலர் மெக்சிகோ பெண்களை மணந்தார்கள். பதிவு செய்யும் குமாஸ்தாவின் கண்ணுக்கு இரண்டு பேரும் பழுப்பு நிறம், அவ்வளவுதான். பிள்ளைகள் அம்மாவோடு ஸ்பானிஷ் பேசினார்கள், சர்ச்சுக்குப் போனார்கள். பெயர் மட்டும் மரியா சிங், ஹோசே சிங் என்ற ரகம். ஆனால் கேட்டால் தங்களை 'இந்து' என்றே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அப்போது அமெரிக்காவில் இந்தியர் எல்லாருக்கும் அதுதான் பெயர், சீக்கியருக்கும் முஸ்லிமுக்கும் சேர்த்து.

1965இல் குடியேற்றச் சட்டம் மாறியது. பஞ்சாபிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து கலிஃபோர்னியாவின் யூபா சிட்டியில் இறங்கினார்கள். வந்தவர்களில் பலர் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து, பஞ்சாபி தெரியாது, குருத்வாரா பழக்கம் இல்லை, இவர்கள் எப்படி நம்மவர் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டு கரையாமல் இருந்தவர்களுக்குச் சொந்தக்காரன் வந்துதான் கதவைச் சாத்தினான். எனக்கு அந்த வரலாற்றில் மனசு தாங்காத இடம் இதுதான்.

சரி, உங்கள் மகன் உங்களோடு எந்த மொழியில் பேசுகிறான்? கடிதத்தில் அது இல்லை. பதில் ஆங்கிலத்தில்தான் வருகிறதென்றால், அது அந்தப் பெண் வருவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. அப்பா அம்மா இருவரும் தமிழராக இருக்கும் வீடுகளில்தான் இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. அவளுடைய அப்பாவுக்கும் இப்போது தூக்கம் வந்திருக்காது. ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். எப்படியும் மண்டபமும் தேதியும் பேச வேண்டியிருக்குமே.