மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் பிள்ளை தங்குமா?

கல்யாணமாகி ஆறு மாதம் போகுமுன்னே "விசேஷம் ஒன்றும் இல்லையோ?" என்று கேட்கிற ஊர் நம் திருகோணமலை. அந்தக் கேள்விக்குப் பயந்தே பாமசிக்கு வந்து, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பைக் கேட்பவர்கள் அதிகம். மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

உப்புவெளி: அக்கா, எனக்கு 31 வயது. ஒமேகா-3 எடுத்தால் கெதியாகக் கரு தங்குமா?

தங்கச்சி, உறுதி தர மாட்டேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 30 முதல் 44 வயதுப் பெண்களைக் கவனித்து 2022இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு மாதந்தோறும் கரு தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் வேறு விட்டமினும் எடுப்பார்கள், உடம்பையும் பார்த்துக்கொள்வார்கள். பலன் எதனால் வந்ததென்று பிரிப்பது கஷ்டம். எடுப்பதென்றால் எடுங்கள், ஆனால் ஃபோலிக் அமிலத்தை விட்டுவிட்டு அல்ல. தினம் 400 மைக்ரோகிராம், கரு தங்குமுன்பே தொடங்க வேண்டியது அதுதான்.

மூதூர்: மாத்திரை விலை கட்டாது. மீன் சாப்பிட்டால் போதாதா?

கொட்டியாரக்குடாவைப் பார்த்துக்கொண்டு இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி! போத்தலில் 1000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது எண்ணெயின் நிறை. சாதாரண மாத்திரையில் நமக்கு வேண்டிய ஒமேகா-3 வகைகளான ஈபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம்தான். டின்னில் வரும் சாளையில் 100 கிராமுக்கே ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இருக்கிறது. சூடை, கும்பிளா மாதிரி எண்ணெய்ப் பிடிப்புள்ள சின்ன மீன்களாகப் பாருங்கள். சுறா, வாள்மீன் வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேரும். கருவுற நினைக்கும் பெண்களுக்கு அமெரிக்க அரசு சொல்லும் அளவு கிழமைக்கு 225 முதல் 340 கிராம்.

இன்னொன்று. மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் 501 தம்பதிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு மாதவிடாய்ச் சுற்றுக்கு எட்டுத் தடவையோ அதற்கு மேலோ கடலுணவு சாப்பிட்ட தம்பதிகளில் 92 சதவீதத்தினருக்கு ஒரு வருஷத்துக்குள் கரு தங்கியது. குறைவாகச் சாப்பிட்டவர்களில் 79. இருவருமே சாப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கிண்ணியா: சிஸ்டர், மாத்திரையின் கூடு ஹலாலா?

பெரும்பாலும் ஜெலட்டின். மாடா, பன்றியா, மீனா என்று லேபிளில் தெளிவாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஹலால் முத்திரையுள்ளதும் கிடைக்கும்.

கோயிலடி: நாங்கள் சைவம். ஆளி விதை சரிவருமா?

நல்லதுதான், ஆனால் அதிலிருப்பது ஏஎல்ஏ என்ற வேறு வகை ஒமேகா-3. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் டிஎச்ஏ ஆக மாற்றும். பாசி எண்ணெய் கேளுங்கள். மீனுக்கே ஒமேகா-3 பாசியிலிருந்துதான் போகிறது.

நிலாவெளி: ஒமேகா-6 கெட்டது, கருவைக் கெடுக்கும் என்கிறார்களே?

பாவம், அதற்கு வீண்பழி. முட்டைப்பை வெடித்து முட்டை வெளிவர, புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹோர்மோன் மாதிரியான பொருள் தேவை. உடம்பு அதை முக்கியமாக ஒமேகா-6 கொழுப்பிலிருந்துதான் செய்கிறது. இபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் அதைத் தடுப்பதால், முட்டை வெளிவரும் நாட்களில் தொடர்ந்து போட்டால் வெடிப்புத் தள்ளிப்போகலாம். பிள்ளைக்கு முயற்சிப்பவர்கள் இதை டொக்டரிடம் கேளுங்கள்.

தம்பலகாமம்: அம்மா கொட் லிவர் ஒயில் வாங்கித் தந்தார்.

அது வேறு, மீன் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் விட்டமின் ஏ கூட, கூடினால் கருவுக்கு ஆபத்து. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எந்த எண்ணெயையும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். நம்மூர் வெயிலில் நான் ஒருமுறை வைத்து, திறந்தபோது கருவாட்டு மணம்.

நகரம்: மருமகளுக்கு 36 வயது, பிள்ளைக்கு முயற்சித்து எட்டு மாதமாகிறது. எந்த மாத்திரை வாங்கலாம்?

மாத்திரை இருக்கட்டும் அம்மா. 35 தாண்டினால் ஆறு மாதத்திலேயே டொக்டரைப் பார்க்க வேண்டும். மகனையும் அனுப்புங்கள். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விலகியிருக்க வேண்டும், அதை அவரிடம் யார் சொல்வதென்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.