ஆஸ்துமா கேள்வி பதில்: ஸ்பேசரா, நெபுலைசரா?

(பதில் சொல்பவர் நுரையீரல் மருத்துவர்)

கேள்வி: மார்பு எக்ஸ்ரே நார்மல்னு வந்திருக்கு. ஆனா விடியற்காலை இருமலும் இளைப்பும் நிக்கல. அப்போ ஆஸ்துமா இல்லைதானே?

பதில்: ஆஸ்துமாக்காரருக்கும் எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். நிமோனியா, காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறோம். உங்களுக்கு வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊத வைத்து மூச்சை அளக்கும் சோதனை. ஒருமுறை ஊதிவிட்டு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் உறிஞ்சி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதத்துக்கும் 200 மில்லிக்கும் மேல் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. முடிந்தால் சோதனைக்கு முந்தைய 4 மணி நேரம் சால்பியூட்டமால் எடுக்காதீர்கள். மூச்சுக்குழாய் ஏற்கெனவே விரிந்திருந்தால் வித்தியாசம் தெரியாது.

நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் இதுவும் நார்மலாக வரலாம். அப்போது ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி, இரண்டு வாரம், காலையும் இரவும் நின்றபடி மூன்று முறை ஊதி, அதிகமாக வந்த எண்ணை எழுதி வையுங்கள். காலை எண் தொடர்ந்து தாழ்ந்தே வந்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இன்ஹேலர் பழகிட்டா விடவே முடியாதுன்னு மாமியார் சொல்றாங்க. மாத்திரையிலேயே சமாளிக்கலாமா சார்?

பதில்: பழக்கமாகாது அம்மா. ஒரு உறிஞ்சலில் இருக்கும் பியூடெசோனைட் என்ற ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. சீட்டில்லாமல் கடையில் வாங்கும் 'இளைப்பு மாத்திரை'யில் பல நேரம் பீட்டாமெத்தசோனோ டெக்சாமெத்தசோனோ, அதுவும் ஸ்டீராய்டுதான், இருக்கும்; அது உடம்பு முழுக்கப் போகும். மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரை வரும். ஏற்கெனவே விழுங்குகிறவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன். அது குழாயை நாலைந்து மணி நேரம் விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் அதை மட்டும் கொடுக்காதீர்கள் என்று உலகளாவிய வழிகாட்டுதலான ஜினா 2019 முதல் சொல்லி வருகிறது.

கேள்வி: அப்பாவுக்கு தினமும் இன்ஹேலர் கேப்ஸ்யூல் தர்றோம். பலனே இல்ல.

பதில்: விழுங்குகிறாரா என்று பாருங்கள். நிறையப் பேர் விழுங்குகிறார்கள். கருவியில் போட்டு உடைத்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதினால் தூள் ஈரமாகிக் கட்டிக்கொள்ளும். இழுத்த பின் கேப்ஸ்யூலில் தூள் மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்கச் சொல்லுங்கள். கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

கேள்வி: கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போட ஆரம்பிச்சதிலிருந்து இளைப்பு கூடிடுச்சு. சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. பாட்டிலில் டிமோலால் என்று இருக்கிறதா பாருங்கள். கண்ணில் விட்ட சொட்டு மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். இன்றே கண் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து வாங்குங்கள்.

கேள்வி: மூணு வயசுப் பையன். நெபுலைசர் வெச்சாதான் கேக்குது, ஸ்பேசரெல்லாம் சும்மா.

பதில்: நெபுலைசர் மருந்தை ஆவியாக்கித் தரும் இயந்திரம், ஸ்பேசர் இன்ஹேலரோடு பொருத்தும் குழாய். இலேசான, நடுத்தர இளைப்புக்கு இரண்டும் சமம். அவசரப் பிரிவில் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் ஸ்பேசர் வைத்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், படபடப்பும் குறைவு.

அவரே: கணக்கு இடிக்குதே? நெபுலைசர் மருந்து 2.5 மில்லிகிராம். ஸ்பேசர்ல நாலு பஃப்னா வெறும் 400 மைக்ரோகிராம்தானே?

பதில்: நல்ல கேள்வி. நெபுலைசர் மருந்தில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே தங்கும். குழந்தை மூச்சை வெளியே விடும்போதெல்லாம் ஆவி காற்றோடு போகும். நுரையீரலுக்குப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மாஸ்க்கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் அதுவும் போய்ச் சேராது.

இன்னொருவர்: ஸ்பேசர்ல எங்க பொண்ணுக்கும் கேக்கலியே?

பதில்: வைக்கும் முறையைப் பாருங்கள். இன்ஹேலரைக் குலுக்குங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரே ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு. அரை நிமிடம் கழித்துக் குலுக்கி அடுத்தது. இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்தால் மருந்து சுவரில் ஒட்டி வீணாகும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

வீட்டு நெபுலைசரில் எனக்குப் பெரிய பயம் வேறு. அது ஆக்சிஜன் தராது. "இன்னொரு தடவை வெச்சுப் பார்ப்போம்" என்று நேரம் ஓடிவிடும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், விலா இடுக்கு உள்ளே இழுத்தால், உதடு நீலமானால், குழந்தை அசந்து சோர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் ஸ்பேசரில் கொடுத்துக்கொண்டே போங்கள். கீய் கீய் சத்தம் நின்றும் திணறல் நிற்கவில்லை என்றால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: இன்ஹேலர் பழக்கமாகிடுமா?

பதில்: இரண்டாம் பதில்.

கேள்வி: அஞ்சு மாசம் கர்ப்பம். இன்ஹேலரை நிறுத்திட்டேன்.

பதில்: இன்றே மறுபடி தொடங்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும். மருந்தைவிட அதுதான் ஆபத்து.

கேள்வி: குழந்தைக்கு இன்ஹேலர் பழகிட்டா...

பதில்: இரண்டாம் பதில்.

கேள்வி: தலைக்கு ஊத்தினதும் குழந்தைக்குச் சாம்பிராணி போடலாமா?

பதில்: இளைப்பு வரும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். கொசுவர்த்தியும் வேண்டாம், வலை கட்டுங்கள்.

கேள்வி: இன்ஹேலர் தீர்ந்துபோச்சானு எப்படித் தெரியும்? தண்ணில போட்டா மிதக்கும்னு சொல்றாங்க.

பதில்: அது நம்பத் தகுந்த சோதனை இல்லை. மருந்து தீர்ந்த பின்பும் உந்துவாயு மிச்சமிருந்து 'புஸ்' என்று சத்தம் வரும். எண்ணும் கருவி உள்ளதாக வாங்குங்கள். இல்லையென்றால் 200 டோஸ் டப்பா, நாளைக்கு 4 பஃப் என்றால் 50 நாள். தீரும் தேதியைப் பிரித்த அன்றே டப்பா மேல் எழுதிவிடுங்கள்.