அம்மாவின் உள்ளங்கால் மச்சம்: ரிப்போர்ட்டை அவரிடம் மறைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இடது உள்ளங்காலில் பல வருடங்களாக இருந்த மச்சம் ஒரு வருடத்துக்குள் பெரிதாகி, ஓரமும் கலைந்துவிட்டது. வைத்தியசாலையில் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "கடுமையான மாற்றம் உள்ள மச்சம், வெட்டிய ஓரம்வரை இருக்கிறது, மீண்டும் வெட்டி எடுக்க வேண்டும்" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. புற்றுநோய்க்கு முந்திய நிலை என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கியவன் நான்தான். அம்மாவிடம் "கால் ஆணிதான், சரியாகிவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்காவும் மறைக்கத்தான் சொல்கிறார். இரவில் எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்:

தம்பி, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பதற்குப் பிறகு வருகிறேன். ரிப்போர்ட்டில் இருப்பது என்ன என்று முதலில் நீங்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

தோலின் நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதுதான் மச்சம். அந்தச் செல்களின் உருவமும் அடுக்கும் ஒழுங்கு கெட்டிருந்தால் டிஸ்பிளாஸ்டிக் நீவஸ் என்று எழுதுவார்கள். அதில் இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று படிகள் உண்டு. இலேசானதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் கண்காணிப்போடு நிறுத்திக்கொள்வோம். கடுமையானதை அப்படி விடுவதில்லை. அதற்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் தொடக்கத்துக்கும் இடையில் உள்ள கோடு மிக மெல்லியது. நுண்நோக்கியில் பார்ப்பவருக்கே சில வேளை பிரித்துச் சொல்வது கடினம். உள்ளங்கால் தோலில் அந்தக் கடினம் இன்னும் அதிகம். அதனால்தான் சுற்றியுள்ள நல்ல தோலில் சில மில்லிமீற்றர் சேர்த்து மறுபடியும் வெட்டி எடுக்கிறோம். ஆகவே "மீண்டும் வெட்ட வேண்டும்" என்ற வரியைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

உங்களுக்கு நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது துண்டின் ரிப்போர்ட் வரும்வரை முழு விடை கையில் இல்லை. ஒருவேளை அதில் மெலனோமாவின் முதல் படி தெரிந்தாலும், அது தோலின் மேலடுக்கைத் தாண்டாத வரை சத்திரசிகிச்சையோடு அநேகமாக எல்லோரும் குணமாகிவிடுகிறார்கள். முதல் துண்டின் சிலைட்டை, அதாவது நுண்நோக்கியில் பார்த்த கண்ணாடித் தகட்டை, இன்னொரு நோயியல் நிபுணரும் பார்க்க முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். சிலைட்டை ஆய்வுகூடத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அப்படிக் கேட்பது வைத்தியரை அவமதிப்பது ஆகாது.

நம்மைப் போன்ற கருத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வந்தால் அதிகமாக வருவது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான். வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது அதுதான். 1981இல், 36 வயதில், அதுவே அவர் உயிரை எடுத்தது. "நம்ம நிறத்துக்கு இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். உங்கள் அம்மாவின் மச்சமோ அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே எடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்து அனுப்பிய வைத்தியர் சரியான நேரத்தில் சரியான வேலையைச் செய்திருக்கிறார்.

இனி மறைப்பதைப் பற்றி. பல வருடங்களுக்கு முன் என் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். அவருக்கும் கால் மச்சம்தான். பிள்ளைகள் அவரை வெளியே வாங்கில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, "அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார்கள். நானும் அன்று ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தபோது அவருடைய காது வெறுமையாக இருந்தது. தோட்டைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்துவிட்டாராம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யார் வீட்டில் மெதுவாகப் பேசினாலும் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். "மகரகம" என்ற ஒரு சொல் அவர் காதில் விழுந்திருக்கிறது. நம் தோட்டங்களில் அந்தச் சொல் புற்றுநோய்க்கே மறுபெயர். அங்குள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையின் பெயருக்கு நம்பிக்கை என்று பொருள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று வாரமாக அவர் தனியாகச் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்திருந்ததோ நடுத்தர மாற்றம். ஒரே வெட்டில் தீர்ந்துவிட்டது. அன்று அவர் பிள்ளைகளைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "என்கிட்ட கேட்டிருந்தா நான் தாங்கியிருப்பேனே ஐயா" என்றார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

எப்படிச் சொல்வது? தொலைபேசியில் வேண்டாம். விடுமுறை எடுத்து வீட்டுக்குப் போங்கள். அக்காவும் அருகில் இருக்கட்டும். ஆங்கிலச் சொற்களை விட்டுவிட்டு, அம்மாவுக்குக் கைவந்த தேயிலையிலிருந்தே தொடங்குங்கள். செடியில் நோய்ப்பட்ட வாது தெரிந்தால், நல்ல கட்டை தெரியும் இடம்வரை வெட்டுவார்கள் அல்லவா? "மச்சம் கெட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது அம்மா, நல்ல தோல் வரும்வரை இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும்" என்றால் அவருக்கு விளங்கும். கால் ஆணி என்று பொய் சொன்னதையும் ஒத்துக்கொள்ளுங்கள். "இது புற்றுநோயா?" என்று கேட்டால், "இதுவரை பார்த்ததில் இல்லை, ஆகாமல் தடுக்கத்தான் வெட்டுகிறார்கள், அடுத்த ரிப்போர்ட் வந்ததும் முழுதாகத் தெரியும்" என்று சொல்லுங்கள். இன்று உங்கள் கையில் உள்ள உண்மை அதுதான். சொல்லி முடித்ததும் உடனே ஆறுதல் சொல்லத் தொடங்காமல் அவர் பேசும்வரை பொறுத்திருங்கள். அழுதால் அழட்டும்.

அவருடைய முதல் கேள்வி அநேகமாக உயிரைப் பற்றி இருக்காது, பேரைப் பற்றி, அதாவது நாள் சம்பளத்துக்கான வேலைப் பதிவைப் பற்றி இருக்கும்: எத்தனை நாள் பேர் விழாது? இதற்குப் பதிலோடு போங்கள். உள்ளங்கால் காயம் மெதுவாகத்தான் ஆறும். தையலை வழமையாக இரண்டு மூன்று வாரம் விட்டுவைப்போம். வெட்டும் இடம் பெரிதானால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவும் நேரலாம், அப்போது இன்னும் நாளாகும். அதுவரை அந்தக் காலை ஊன்றி நடக்கக் கூடாது. மழைக்காலச் சகதியிலும் அட்டைக்கு நடுவிலும் மலை ஏறுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். வைத்தியச் சான்றிதழைக் கிளினிக்கிலேயே கேட்டு வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்த்துவிடுங்கள். சீனி கூடியிருந்தால் கால் புண் ஆறாமல் இழுக்கும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை; குடும்பம் சுமக்க வேண்டியது பஸ் செலவும் அந்த வாரங்களின் சம்பளமும்தான். நீங்களும் அக்காவும் அதை இப்போதே பேசி வைத்துவிட்டால் அம்மா நிம்மதியாகப் படுத்திருப்பார்.

அயலவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்பது ஒன்று. அது பொய். சுண்ணாம்பு வைத்தால் மச்சம் உதிரும் என்பது மற்றது. அது ஆபத்து; மேல்தோல் வெந்து, அடியில் இருப்பது மறைந்துவிடும். மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்தால் தடுக்காதீர்கள், அது அவருக்குத் தெம்பு. ஆனால் திருவிழா முடியட்டும் என்று சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி: நீங்கள் ஒரு பொய்யைத் தனியாகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொன்ன பிறகு கவலை போய்விடாது, ஆனால் மூன்று பேர் சேர்ந்து கவலைப்படுவீர்கள். இரவில் தொலைபேசியில் மெலனோமாப் படங்களைத் தேடுவதை நிறுத்துங்கள். மனதில் எழும் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். சொன்ன பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் உங்களுக்கென்று ஒரு வைத்தியரைப் பாருங்கள்.

காயம் ஆறிய பிறகு போயா (பௌர்ணமி) விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவின் கால்களையும் கைகளையும் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பித்தவெடிப்பில் ஏறிய மண்ணும் விரல்களில் படிந்த கொழுந்துக் கறையும் போகாமல் எதுவும் தெரியாது. பிறகு இஸ்தோப்பில் (திண்ணையில்) வெளிச்சத்தில் உட்கார வைத்து உள்ளங்கால், விரலிடுக்கு, உள்ளங்கை, நகங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். நம் பாதங்களில் மண்ணிறப் புள்ளிகள் சாதாரணமாகவே இருக்கும், அவற்றைக் கண்டு பயப்படாதீர்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்தால் அடுத்த மாதம் ஒப்பிடலாம். மாறிக்கொண்டே போகும் புள்ளி, அகலமாகும் கறுப்பு நகக்கோடு, ஆறாத புண், வெட்டிய தழும்பில் திரும்ப வரும் கறுப்பு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அழைத்துவாருங்கள். அம்மாவின் கால்களைப் பார்த்து முடித்ததும் உங்கள் கால்களையும் அக்காவின் கால்களையும் பார்த்துவிடுங்கள்.