லத்தியோடு நின்றவர்

கேள்வி: நவம்பர் 26 வந்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறோம். 2008 மும்பைத் தாக்குதல் என்றதும் உங்களுக்கு யார் முகம் நினைவுக்கு வரும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: துக்காராம் ஓம்ப்ளே. மும்பை போலீசில் உதவி சப்-இன்ஸ்பெக்டர், முன்னாள் ராணுவ வீரர். அன்று இரவு கிர்காவ் சௌபாத்தி கடற்கரையருகே தடுப்பு போட்டு நின்றிருந்தார்கள். பயங்கரவாதிகள் கடத்தி வந்த கார் அங்கே சிக்கியது. ஓம்ப்ளே கையில் வெறும் லத்திதான். காரிலிருந்த பயங்கரவாதி கசாப் ஏகே-47ஐத் தூக்க, இவர் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டுகள் பாய்ந்தும் பிடியை விடவில்லை. அதனால்தான் சக போலீசார் பிழைத்தார்கள், கசாப் உயிரோடு சிக்கினான். 2009-இல் அசோக சக்ரா கொடுத்தார்கள்.

மும்பை போனபோது அவர் சிலையைத் தேடிப் போனேன். கையில் பேல்பூரிப் பொட்டலம். பக்கத்தில் பலூன்காரர் கடைவிரித்திருந்தார். சிலையைப் பார்த்ததும் ஏனோ பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன், புளிச்சட்னி ஒழுகிப் பை பாழானது தனிக்கதை.

அப்புறம் ஒரு செய்தி: மகாராஷ்டிரத்தில் கண்டுபிடித்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு 2021-இல் அவர் பெயரை வைத்தார்கள். இசியஸ் துக்காராமி. மெழுகுவத்தியைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.